சீட் மெத்தென்று இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

மண்பாதைக்கென்று வடிவமைத்த பைக்கை வாங்கி, அதிலேயே லடாக் வரை போய்வர நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். வண்டி அதற்குத் தாங்கும். உட்காருகிற இடம்தான் படுத்தும். சீட்டைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். குஷன் வேலையும் ஷாக் அப்சார்பர் வேலையும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

என்னுடையது ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக். ஒன்றரை மணி நேரம் ஓட்டினாலே பின்பக்கம் எரிகிறது. அடுத்த கோடையில் மணாலி – லே போகத் திட்டம். இங்குள்ள குஷன் கடையில், இருக்கிற சீட்டின் மேலேயே 3 அங்குலம் ஸ்பாஞ்ச் வைத்துப் புது ரெக்சின் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

செய்ய வேண்டாம். கடையில் ஏறி உட்கார்ந்து பார்க்கும்போது சொர்க்கமாகத்தான் இருக்கும். பல்லடம் தாண்டுவதற்குள் பழைய வலி திரும்பிவிடும்.

காரணம் இதுதான். உட்கார்ந்திருக்கும்போது உடல் எடையில் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள்தான் தாங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே ஆளைப் பொறுத்து சுமார் 10 முதல் 14 செ.மீ. இடைவெளி இருக்கும். மென்மையான ஸ்பாஞ்ச் அந்த இரண்டு இடத்திலும் முழுதாக நசுங்கி அடித்தட்டைத் தொட்டுவிடும். நசுங்காத நடுப்பகுதி மேலே தள்ளிக்கொண்டு வந்து தொடை இடுக்கை அழுத்தும். ஆக, எலும்பு பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருக்கும், நரம்பு ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும். வேண்டியது இதற்கு நேர் எதிரானது. எலும்புக்குக் கீழே கெட்டியான, நசுங்கித் தீராத ஆதாரம் இருக்க வேண்டும். எடை பரவுவதற்கு அகலம் வேண்டும். நடுவில் அழுத்தம் குறைய வேண்டும். உயரம் கூட்டினால் இதில் ஒன்றும் கிடைக்காது.

முதலில் உங்கள் அளவை எடுங்கள். கெட்டியான மர பெஞ்சில் ஒரு அட்டைப்பெட்டியின் அட்டையைப் போட்டு, மெல்லிய கால்சட்டையோடு அதன்மேல் உட்காருங்கள். முழங்காலைச் சற்று உயர்த்தி, இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை அளந்து எழுதிவையுங்கள். அடுத்து, வண்டியில் ரைடிங் பேன்ட் போட்டு வழக்கம்போல் உட்கார்ந்து, பின்முனை எங்கே வருகிறது, தொடை எங்கே பிரிகிறது என்று வேறொருவரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று கணிப்பதைவிட இது பல மடங்கு சரியாக இருக்கும்.

பிறகு சீட்டைக் கழற்றி, அடியிலுள்ள ஸ்டேப்ளர் பின்களைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, மூக்குப் பிளையரால் உருவுங்கள். பழைய கவரைக் கிழிக்காமல் எடுத்து வையுங்கள், அது மறுபடி தேவைப்படும். கம்பெனி ஃபோமையும் தூக்கிப் போடாதீர்கள். அச்சில் வார்த்த அந்த ஃபோம் அடித்தட்டின் மேடு பள்ளத்துக்குப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். கடையில் வெட்டிவைக்கும் ஷீட் அப்படிப் பொருந்தாது. ஃபோமின் கனம் எங்கே எவ்வளவு என்று தெரிய, கோணி ஊசியை அடித்தட்டில் முட்டும்வரை குத்தி, ஊசியில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு இடத்திலாவது பார்க்க வேண்டும்.

சாக்பீஸ் குறியை ஃபோமில் வரைந்து, எலும்பு உட்காரும் பகுதியில் 25 முதல் 30 செ.மீ. நீளத்துக்குப் பள்ளம் வெட்டுங்கள். ஆழம் 30 முதல் 35 மி.மீ. கம்பெனி ஃபோம் கீழே குறைந்தது 20 மி.மீ. மிஞ்ச வேண்டும். மிஞ்சாது என்று ஊசி சொன்னால் ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு ஆக்சா பிளேடு போதும். இந்தப் பள்ளத்தில் கீழே 20 மி.மீ. ரீபாண்டட் ஃபோம், அதன்மேல் 20 முதல் 25 மி.மீ. எச்.ஆர். ஃபோம் (இவை என்ன என்பது அடுத்த பதிலில்). மொத்தத்தில் சீட் 10 மி.மீ. அளவுக்குத்தான் உயரும். நீங்கள் உட்கார்ந்தால் அதுவும் அமுங்கிவிடும்.

அகலம்தான் அடுத்த வேலை. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். பின்பக்கம் படிகிற இடத்தில் சீட்டின் அகலம் 26 முதல் 28 செ.மீ. வரும்படி இரண்டு ஓரத்திலும் ரீபாண்டட் துண்டுகளை ஒட்டிக் கட்டுங்கள். அங்கிருந்து டேங்கை நோக்கி வரும்போது 10 – 12 செ.மீ. தூரத்துக்குள் பழைய அகலத்துக்கே குறுகிவிட வேண்டும். குறுகாவிட்டால் தொடை அகன்று, ஒரு மணி நேரத்தில் இடுப்பு மூட்டு வலிக்கும். எழுந்து நின்று ஓட்டும்போது முழங்காலால் வண்டியைப் பிடிக்கவும் முடியாது. ஒட்டிய ஓரம் அடித்தட்டைத் தாண்டி ஒரு பக்கத்துக்கு 25 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. கீழே தாங்க எதுவும் இல்லாததால் சில வாரத்திலேயே தொங்கிப்போகும். அதற்கு மேல் அகலம் வேண்டுமானால் 3 மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி, பெரிய வாஷர் வைத்து, பாப் ரிவெட்டால் அடித்தட்டோடு சேர்த்து இறுக்குங்கள். சில கடைகளில் ஃபைபர் வைத்து நீட்டித் தருவார்கள். அடித்தட்டு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஃபைபரோடு தடவும் ரெசின் பசை அதில் ஒட்டாது, அதிர்வில் பெயர்ந்துவிடும். ஃபைபர் வைத்தாலும் ரிவெட் அடித்தே ஆக வேண்டும்.

ஒட்டுவதற்கு எஸ்.ஆர். பெவிகால் என்ற ரப்பர் வகைப் பசை. இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் நடுவில் காற்று புகுந்து பிரியும். கொட்டித் தடவினால் காய்ந்தபின் பசை அட்டை மாதிரி ஆகி, அந்த வரம்பு உட்காரும்போது உறுத்தும். உட்காருகிற பகுதியில் பசை ஓரத்தில் மட்டும் போதும், நடுவில் வேண்டாம்.

உருவம் கொடுக்க, ஆங்கிள் கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாள் வட்டு போட்டு, தொட்டும் தொடாமலும் இழையுங்கள். அழுத்தினால் ஃபோமைக் கவ்விப் பிய்த்துவிடும். தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு பக்கத்து வளைவை அட்டையில் வெட்டி, அதைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் 5 மி.மீ. வித்தியாசப்பட்டால்கூட நீண்ட பயணத்தில் ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கும்.

இந்தக் கட்டத்தில் புது ரெக்சின் போட அவசரப்படாதீர்கள். பழைய கவரையே இழுத்து இருபது பின் மட்டும் அடித்து, ஒரே மூச்சில் குறைந்தது 150 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். எங்கே உறுத்துகிறதோ குறித்துவந்து, திறந்து, இழைத்து, மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை திறக்க வேண்டிவரும். புது கவர் போட்டபின் திறப்பதென்றால் யாருக்கும் மனசு வராது, அப்படியே ஓட்டித் தீர்ப்பார்கள். மணாலி கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். புது ஃபோம் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுப் படியும்.

ஃபோம் கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்கிறார்கள். எண் கூடினால் கெட்டி என்று அர்த்தமா? மெமரி ஃபோம் வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். 40 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ. அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கான குறி. கெட்டித்தன்மை வேறு கணக்கு. 40 டென்சிட்டியிலேயே பஞ்சு போன்றதும் உண்டு, பலகை போன்றதும் உண்டு. அதனால் எண்ணை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. 50 மி.மீ. துண்டைத் தரையில் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுங்கள். தரை தட்டினால் அது சோபாவுக்குத்தான் ஆகும். பாதி அமுங்கி அங்கேயே நின்று, காலை எடுத்ததும் உடனே எழும்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

32 டென்சிட்டி சாதாரண ஃபோமை சீட்டில் தவிர்த்துவிடுங்கள். எச்.ஆர். என்பது அமுங்க அமுங்க எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும் வகை. அதனால் சட்டென்று அடி தட்டாது. மேல் அடுக்குக்கு 40 அல்லது அதற்கு மேலான எச்.ஆர். பொருத்தம். ரீபாண்டட் என்பது துண்டு ஃபோம்களைப் பசையில் அழுத்திச் செய்வது, பல நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும். 90 – 100 டென்சிட்டியில் கிடைக்கும். அடி அடுக்குக்கும் ஓரத்துக்கும் அதைவிடச் சிக்கனமான பொருள் இல்லை. மேல் அடுக்காக மட்டும் வைக்காதீர்கள், கட்டி கட்டியாக உறுத்தும்.

மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஈரோட்டு வெயிலில் அரை மணியில் நசுங்கித் தட்டையாகிவிடும். லே பக்கத்துக் காலைக் குளிரில் பலகையாக இருக்கும். எலும்பு நோகாமலிருக்க மேலே 10 மி.மீ.க்கு ஒரு மெல்லிய அடுக்காக வைத்தால் பழுதில்லை. முழு சீட்டையும் அதிலேயே செய்தால் பணம் வீண். லேடெக்ஸ் நல்ல பொருள்தான், ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம்.

நான் 5 அடி 3 அங்குலம் உயரமுள்ள பெண். எக்ஸ்பல்ஸ் ஓட்டுகிறேன். இப்போதே நுனிக்காலில்தான் நிற்கிறேன். சீட்டில் கை வைத்தால் உயரம் கூடிவிடுமோ என்று பயம். ஆனால் வலியும் தாங்கவில்லை.
– வாசகி, திண்டுக்கல்

எக்ஸ்பல்ஸ் 200 4வி சீட் உயரம் 825 மி.மீ. ஆனால் தரைக்குக் கால் எட்டுவதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. கால் நேராகக் கீழே இறங்காமல் சீட்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. முன்பகுதி ஓரம் செங்குத்தாக, முனை தெறித்து நின்றால் அந்தச் சுற்று நீளும். டேங்குக்குப் பின்னால் 15 செ.மீ. தூரத்துக்கு இரண்டு ஓரத்தையும் 10 முதல் 15 மி.மீ. வரை உருட்டிச் சீவிவிடுங்கள். உட்காரும் உயரம் மாறாது, பாதம் கூடுதலாகத் தரையில் படியும்.

பெண்களுக்கு இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அதிகம். கம்பெனி சீட்டின் ஒடுங்கிய பகுதியில் அந்த முனைகள் இரண்டும் சீட்டின் விளிம்பிலேயே உட்காரும். உங்கள் வலிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அட்டை வைத்து அளவெடுத்து, அந்த அளவோடு இரண்டு பக்கமும் 6 செ.மீ.யாவது கூட வரும்படி பின்பகுதியை அகலப்படுத்துங்கள். மேலே ஃபோம் ஏற்றவே வேண்டாம். முதல் பதிலில் சொன்ன பள்ளத்தை வெட்டி, எடுத்த ஆழத்துக்குச் சரியாக நல்ல ஃபோமை நிரப்பினால் போதும். உயரம் அப்படியே இருக்கும்.

பின் ஷாக்கின் இணைப்புத் தகட்டை மாற்றி வண்டியையே தாழ்த்தித் தருவதாகச் சொல்வார்கள். பின்னால் மட்டும் தாழ்த்தினால் ஹேண்டில் மந்தமாகும். சைடு ஸ்டாண்டு நீளமாகி, வண்டி நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். முன் ஃபோர்க்கையும் அதே அளவு கிளாம்பில் ஏற்றி, ஸ்டாண்டையும் வெட்டிச் சேர்த்தால்தான் அது முழு வேலை. சீட்டின் ஓரத்தைச் சீவிப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் அதற்குப் போகலாம்.

ஓட்ட ஓட்ட டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே போகிறேன். அரை மணிக்கொரு முறை பின்னால் தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. தொடை இடுக்கில் மரத்தும் போகிறது. ஆபத்தா?
– வாசகர், வேலூர்

மரத்துப்போவதை அலட்சியப்படுத்த வேண்டாம். இரண்டு எலும்பு முனைகளுக்கும் நடுவே போகிற நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதால் வருவது அது. இறங்கி நடந்த சில நிமிடங்களில் உணர்வு திரும்பினால் சீட்டைச் சரிசெய்தால் போதும். இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் மரத்தே இருந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அதுவரை நீண்ட பயணம் வேண்டாம்.

வழுக்குவதும் மரப்பதும் ஒரே காரணத்தால்தான். சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது. மண்பாதையில் வளைவுக்கு முன்னால் நகர்ந்து உட்கார அந்தச் சரிவு உதவும். நெடுஞ்சாலையில் அதுவே உங்களை டேங்கோடு சேர்த்து அழுத்துகிறது. நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, வேறொருவர் உங்கள் தொடைகளுக்கு நடுவே சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கட்டும். ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழும் என்பதால் காலி வண்டியில் பார்ப்பது தவறாகக் காட்டும். குமிழி நடுவில் நிற்க வேண்டும், அல்லது முன்பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்திருக்கலாம்.

சரிவு இருந்தால், டேங்க் பக்கம் 15 மி.மீ. கனத்தில் தொடங்கி, 15 செ.மீ. பின்னால் ஒன்றுமில்லாமல் முடிகிற ஆப்பு வடிவ ரீபாண்டட் துண்டை ஒட்டுங்கள். மரப்புக்கு, உட்காருமிடத்தின் பின்முனையிலிருந்து முன்னோக்கி, நடுக்கோட்டில் 40 முதல் 50 மி.மீ. அகலம், 10 முதல் 15 மி.மீ. ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதைக் காலியாக விடலாம். கவர் அதன்மேல் பாலம் போல் இழுபட்டு நிற்காமல் உள்ளே படிய வேண்டுமென்றால் மிக மென்மையான ஃபோமை அடைத்துவிடுங்கள். ஓரங்களைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிட மறக்க வேண்டாம். மறந்தால் வாய்க்காலின் விளிம்பே புது வலியாகும்.

வழுக்காமல் இருக்க சொரசொர கிரிப் துணி போடச் சொல்வார்கள். பந்தயத்துக்கு நல்லது. நாள் முழுக்க உட்கார்ந்தால் அதுவே தோலை உராய்ந்து புண்ணாக்கும். டேங்க் பக்கத்து 15 செ.மீ.க்கு மட்டும் கிரிப், உட்காரும் இடத்தில் வழவழப்பான ரெக்சின் என்று இரண்டும் கலந்து தைக்கச் சொல்லுங்கள்.

ஜெல் பேட், காற்றடைத்த குஷன், வலைத்துணிக் கவர். இவற்றில் எது உருப்படி?
– வாசகர், சென்னை

மூன்றும் மூன்று வெவ்வேறு குறைக்கு மருந்து.

காற்றுக் குஷன் எடையைப் பரப்புவதில் மற்ற இரண்டையும்விட மேல். அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அழுத்தம் எங்கும் சமமாகிறது. ஆனால் பத்தில் எட்டுப் பேர் பந்து போலக் காற்றை நிரப்பிவிட்டு, ஆடுகிறது, வழுக்குகிறது என்று குறை சொல்வார்கள். நிரப்பிவிட்டு ஏறி உட்கார்ந்து, வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எலும்பு முனைக்கும் சீட்டுக்கும் நடுவே 1 முதல் 1.5 செ.மீ. மிஞ்சும்போது மூடுங்கள். கையை நுழைத்துப் பார்த்தால் தெரியும். உயரமான கணவாய்களுக்கு ஏறும்போது இன்னும் விட வேண்டும். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சென்னையில் அடைத்த காற்று அங்கே புடைத்து நிற்கும். இறங்கியபின் மறுபடி ஊதிக்கொள்ள வேண்டும். கரடுமுரடான பாதையில் குஷனைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். உடம்புக்கும் வண்டிக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் பின்சக்கரம் வழுக்குவது தாமதமாகத்தான் தெரியும்.

ஜெல் தானாக எதையும் பெரிதாகத் தாங்காது, அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். வெயிலில் நிறுத்தினால் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் விடாது. நம் ஊர் மே மாதத்துக்கு அது தண்டனை. ஃபோமுக்குள் புதைத்து, மேலே 10 மி.மீ. ஃபோம் போட்டு மூடினால் சூடு குறையும், ஜெல்லின் பலனும் கூடவே குறையும்.

வலைத்துணிக் கவர் வலியைத் தீர்க்காது, வேர்வையைத் தீர்க்கும். நடுவில் காற்று ஓடுவதால் தோல் ஊறிப்போகாது. ஊறிய தோல்தான் சீக்கிரம் உரிந்து புண்ணாகிறது என்பதால் சமவெளிக் கோடையில் இதன் பலன் பெரிது. விலையும் குறைவு. மழை நின்றால் ஐந்து நிமிடத்தில் வடிந்துவிடும். சீட்டைத் திறந்து வேலை செய்ய மனமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். பட்டைகளை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். கவர் நகர்ந்தால் வளைவில் நீங்களும் சேர்ந்து நகர்வீர்கள்.

சீட் வேலை செய்து மூன்று மாதம்தான். மழையில் நனைந்தால் இரண்டு நாளைக்கு உட்கார்ந்ததும் தண்ணீர் கசிகிறது. நாற்றமும் வருகிறது. பின்கள் துருப்பிடித்துக் கவரும் விடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

தண்ணீர் ரெக்சின் வழியாக வருவதில்லை, தையல் ஓட்டை வழியாக வருகிறது. அழகுக்காக உட்காரும் இடத்தில் கட்டம் கட்டமாகத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு குழாய்தான். நீங்கள் உட்கார்ந்து எழும்போது ஃபோம் பம்பு போல இழுத்து உறிஞ்சும். மறுபடி கவர் போடும்போது உட்காரும் பகுதி ஒரே துண்டாக, தையலே இல்லாமல் இருக்க வேண்டும். தையல் பக்கவாட்டில் இறங்கட்டும், அதையும் உட்புறத்தில் ரப்பர் பசை தடவி, பட்டை ஒட்டி அடையுங்கள். நூல் பாலியஸ்டரோ நைலானோ ஆக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தை இழுக்கும், அழுகும்.

சிலர் ஃபோமைப் பாலிதீன் பையில் சுற்றிக் கவர் போடுவார்கள். தையல் சரியாக இருந்தால் அது தேவையில்லை. தையல் சரியில்லாவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்று நாறும். மேலே மட்டும் ஒரு மெல்லிய ஷீட் விரித்து, அடிப்பக்கத்தைத் திறந்து விட்டால் பரவாயில்லை. அடித்தட்டில் உள்ள வடிகால் துளைகளை ரெக்சின் மடிப்பு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூடித்தான் இருக்கும்.

பின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், கால் நீளம் 6 மி.மீ. இருப்பதை வாங்குங்கள். நீளம் கூடினால் ஃபோமைத் தாண்டி ஓரத்தில் குத்தும். கையால் அழுத்தும் கன் இந்தப் பிளாஸ்டிக்கில் பாதிதான் இறக்கும், காற்றில் இயங்கும் கன் உள்ள கடையில் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் மூக்குப் பகுதி, பிறகு வால், பிறகு இரண்டு பக்கமும் நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையில் இழுத்து, 10 முதல் 15 மி.மீ.க்கு ஒரு பின். சுருக்கம் விழும் இடத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்தால் படியும். பூட்டுக் கொக்கி இருக்கும் இடத்தில் மடிப்பு சேராமல் வெட்டிவிட வேண்டும். சேர்ந்தால் சீட் பூட்டியது போலத் தெரியும், ஆனால் கொக்கி பிடித்திருக்காது.

இப்போது நனைந்திருப்பதை உலர்த்த, பழைய துண்டைப் போட்டு மேலே ஏறி உட்கார்ந்து நீரைப் பிழிந்து எடுங்கள். பிறகு அடித்தட்டு மேலே பார்க்கும்படி நிழலில் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் சீட்டின் ஓரத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சீட்டை மாற்றியாகிவிட்டது. பின்பக்கம் வலிக்கவில்லை, ஆனால் கீழ்முதுகு வலிக்கிறது. இன்னும் என்ன ஃபோம் வைப்பது?
– வாசகர், சேலம்

இனி ஃபோம் வேண்டாம், ஷாக்கைப் பாருங்கள். ஹிமாலயன் 411-இன் பின்சக்கரத்துக்கு 180 மி.மீ. ஏற்ற இறக்கம் உண்டு. நீங்களும் சாமானும் ஏறி உட்கார்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 மி.மீ. தாழ வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வாலில் ஒரு குறி வைத்து இரண்டுக்கும் நடுவே அளங்கள். பிறகு வண்டியை இறக்கி, முழு ரைடிங் உடையோடு ஏறி, இருவர் பிடித்துக்கொள்ள, மறுபடி அளங்கள். வித்தியாசம் 75 – 80 மி.மீ. என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி நசுங்கிவிட்டது. பெரிய குழியில் மிச்சமும் தீர்ந்து, அடி நேராகத் தண்டுவடத்துக்கு வரும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டுங்கள். 40-க்கும் குறைவு என்றால் வண்டி உங்களைத் தூக்கித் தூக்கிப் போடும், இறுக்கத்தைக் குறைக்க வேண்டும். பெட்டிகள் மாட்டினால் மறுபடி அளக்க வேண்டும். ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் எவ்வளவு திருகினாலும் பயனில்லை, மாற்றுங்கள்.

டயர் காற்று கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். வேகத்தடையிலும் பாலத்து இணைப்பிலும் ஃபுட்ரெஸ்டில் எடையைக் கொடுத்துப் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்திவிடுங்கள். முழங்கால்தான் உங்களிடம் இருக்கிற ஆகச் சிறந்த ஷாக் அப்சார்பர். எழுந்து நிற்கும்போது குனிய வேண்டியிருந்தால் 20 முதல் 30 மி.மீ. ஹேண்டில்பார் ரைசர் பொருத்தலாம். பொருத்தியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடவில்லை என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது திருப்பினால் வேகம் தானாகக் கூடினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள்.

நீண்ட பயணத்தில் உள்ளாடை பற்றியும் சொல்லுங்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருச்சி

கூச்சப்பட ஒன்றுமில்லை, பாதிப் புண் அதனால்தான் வருகிறது. சாதாரண உள்ளாடையின் தடித்த தையல் சரியாக எலும்பு முனைக்கு அடியில் வரும். பருத்தி வேர்வையைக் குடித்து உலராமல் ஒட்டும். ஜீன்ஸின் நடுத்தையல் இன்னும் மோசம். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை, உள்ளே வேறு எதுவும் போடாமல் நேராகத் தோலில் அணியுங்கள். அதன் அமைப்பே அப்படித்தான். உள்ளாடைக்கு மேல் போட்டால் பயன் போய்விடும். இரண்டு வைத்துக்கொண்டு தினமும் துவைத்து மாற்றுங்கள். உராயும் இடத்தில் கிளம்பும் முன் வாசலைன் தடவுங்கள். சிவந்தபின் தடவிப் பயனில்லை. பவுடர் வேர்வையில் குழைந்து கட்டியாகி அதுவே உறுத்தும்.

ரேலி பைக் ஓட்டுபவர்கள் பலகை போன்ற சீட்டில் நாள் முழுக்கப் போகிறார்களே, நம்மால் ஏன் முடியவில்லை?
– வாசகர், திருநெல்வேலி

பாலைவனத்தில் நடக்கும் டக்கார் ரேலி பந்தயத்தில் ஒரே நாளில் 800 கி.மீ. தாண்டும் நாட்களும் உண்டு. 2024-இல் அதன் ரேலி 2 பிரிவை வென்ற கேரளத்துக்காரர் ஹரித் நோவா போன்றவர்கள் கடினமான பகுதியில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் ஓட்டுகிறார்கள். சீட் அவர்களுக்குத் தொடையால் வண்டியைத் திருப்ப உதவும் ஒரு பிடிமானம். தடித்த, அகன்ற சீட் அங்கே காலில் இடிக்கும்.

நீங்கள் வாரக்கடைசியில் மண்பாதையும், விடுமுறையில் நெடுஞ்சாலையும் ஓட்டுபவர் என்றால், ஒரே சீட்டில் இரண்டையும் கலக்க முயலாதீர்கள். பழைய சீட் ஒன்றை வாங்கி, அதைப் பயணத்துக்கென்று அகலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பெனி சீட்டைத் தொடாமல் வையுங்கள். வாங்கும்போது அடித்தட்டில் விரிசல் இல்லையா, கீழே உள்ள ரப்பர் புஷ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு புஷ் இல்லாவிட்டால்கூட அடித்தட்டு சேசிஸில் நேராக மோதி, எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும் அதிர்வு உடம்புக்கு வரும். புஷ் தனியாகவே பார்ட்ஸ் கடையில் கிடைக்கும்.

பின்னால் உட்காரும் என் மனைவிக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.
– வாசகர், தஞ்சாவூர்

பின்சீட் பொதுவாக அகலமாகவே இருக்கும், கனம்தான் போதாது. அங்கே 15 முதல் 20 மி.மீ. ரீபாண்டட் ஏற்றலாம், உயரம் கூடினால் அவருக்குக் கால் மடங்குவதும் குறையும். பின்புறம் லேசாக மேடு கட்டினால் வண்டி எடுக்கும்போது வழுக்க மாட்டார். மேட்டின் முன்பக்கம் உங்கள் இடுப்பைத் தள்ளாதபடி இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்துத்தான் ஃபோமை வெட்ட வேண்டும். இருவர் எடைக்கு ஸ்பிரிங் இறுக்கத்தையும் கூட்டுங்கள். 80 – 90 கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கிப் பத்து நிமிடம் நடங்கள். பின்னால் இருப்பவருக்கு எழுந்து நிற்கும் வசதி இல்லை, எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.